கொரோனாவும் விந்தணுவும்: ஒரு மூன்று மாதக் கணக்கு

கொரோனா வந்து குணமான ஒன்றரை மாதத்தில் ஒருவர் விந்துப் பரிசோதனை செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் வந்த தாளில் விந்தணு எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்கு 9 மில்லியன், அதாவது 90 லட்சம். பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவு 16 மில்லியன். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது, பார்க்கிறவர்கள் எல்லாம் ‘விசேஷம் உண்டா’ என்று கேட்கிறார்கள். இந்த நிலையில் அந்தத் தாளைப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும்.

ஆனால் அந்த ஒரு தாளை வைத்து அவருக்குக் குழந்தை பிறக்காது என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். அதில் இருப்பது இன்றைய உடம்பின் கணக்கு இல்லை, காய்ச்சல் அடித்த நாட்களின் கணக்கு. இது புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். வேண்டாத ஊசிக்கும் லேகியத்துக்கும் காசைக் கொட்டாமல் இருக்கலாம்.

விதைக்குள் என்ன நடக்கிறது

மருத்துவப் புத்தகங்களில் விரை என்றும் பேச்சில் விதை என்றும் சொல்லும் உறுப்புக்குள், தலைமுடியை விட இரண்டு மூன்று மடங்கு தடித்த குழல்கள் நூற்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கின்றன. குழலின் சுவரோரமாக மூல செல்கள் இருக்கின்றன. இவைதான் விதைநெல். இவை பிரிந்து, உருமாறி, வால் முளைத்து விந்தணுவாக ஏறத்தாழ 74 நாள் பிடிக்கும். அத்தனை நாளும் அவற்றைத் தாங்கி, ஊட்டி வளர்ப்பவை செர்டோலி செல்கள். குழல்களுக்கு வெளியே இருக்கும் லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கின்றன.

உருவான விந்தணு உடனே நீந்தாது. விதையின் முதுகில் ஒட்டியிருக்கும் ஒரு சுருள்குழாய் வழியாக அது போக வேண்டும். நீட்டிப் பிடித்தால் அந்தக் குழாய் 6 மீட்டர் வரும். அதைக் கடக்க ஏறக்குறைய ஒன்று இரண்டு வாரம் ஆகும், நீந்தும் திறன் கிடைப்பதும் அங்கேதான். 74 நாளோடு இதையும் கூட்டினால் மூன்று மாதம். இன்று வெளிவரும் விந்தணு, மூன்று மாதத்துக்கு முன்னால் நாற்றுவிட்டது.

இந்த வேலை நடக்கச் சூடு ஆகாது. உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். விதைக்குள் அதைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்க வேண்டும். விதை உடம்புக்கு வெளியே தொங்குவதற்குக் காரணமே இதுதான். உள்ளே வரும் ரத்தக்குழாயைச் சுற்றி, பாகற்கொடியின் பற்றுச்சுருள் மாதிரி சிரைகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் திரும்பிப் போகும் குளிர்ந்த ரத்தம், உள்ளே வரும் சூடான ரத்தத்தைத் தணித்து அனுப்புகிறது. காய்ச்சல் வந்து ரத்தமே 39 டிகிரிக்கு ஏறிவிட்டால் இந்த ஏற்பாட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நெல் போடுகிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கதிர் பூக்கும் சமயத்தில் 35 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் மகரந்தம் கெட்டு, பால் பிடிக்காமல் பதராகும். அந்த வெள்ளாமை நட்டம்தான். ஆனாலும் வயல் அப்படியே இருக்கிறது, விதைநெல்லும் பத்தாயத்தில் இருக்கிறது, அடுத்த போகம் விளையும். பெரும்பாலான ஆண்களுக்குக் கொரோனா செய்தது இந்த வகைச் சேதம்தான். மூல செல்களே அழிந்துபோவது வேறு விஷயம், அது அரிது.

சித்திரையில் காய்ச்சல், ஆடியில் அறுவடை

அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் ஒருவருக்குக் கொரோனா வந்து, மூன்று நாள் 102 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் அடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் மாதங்களில் அவருடைய விந்து பெரும்பாலும் இப்படிப் போகும்.

வைகாசி விசாகத்தை ஒட்டிப் பரிசோதித்தால் எண்ணிக்கை ஓரளவு இருக்கும், ஓட்டம், அதாவது அணு நீந்தும் திறன், குறைந்திருக்கும். காய்ச்சல் சமயத்தில் பாதி விளைந்தும் விளையாமலும் இருந்த அணுக்கள்தான் அப்போது வந்துகொண்டிருக்கும். ஆனி மாதம்தான் மோசமான மாதம். காய்ச்சல் அன்று இளம் பருவத்தில் இருந்தவை பாதி வழியில் செத்துப் போயிருக்கும், அதனால் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்கும். ஆடிப் பதினெட்டு வாக்கில், காய்ச்சல் விட்ட பிறகு புதிதாகத் தொடங்கிய அணுக்கள் வர ஆரம்பிக்கும். ஆவணி மூலத் திருவிழா சமயத்தில் எடுக்கும் பரிசோதனைதான் அவருடைய உண்மையான நிலையைக் காட்டும்.

எல்லோருக்கும் இதே தேதியில் நடக்காது. கடுமையாக நோய்ப்பட்டு, ஆக்சிஜன் வைத்துப் படுக்கையில் கிடந்தவர்களுக்கு ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். ஆனால் கணக்கின் அடிப்படை மாறாது. கொரோனாவுக்கு மட்டும் என்று இல்லை, டெங்கு, டைபாய்டு, கடுமையான ஃப்ளூ காய்ச்சலுக்கும் இதே கணக்குதான். மழைக்காலத்தில் டெங்குவில் விழுந்து எழுந்தவர் தை மாதம் பரிசோதனைக்குப் போனால், அந்தக் காய்ச்சலை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். பலர் சொல்வதில்லை. காய்ச்சலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

காய்ச்சல் மட்டும்தானா?

இல்லை. கொரோனா வைரஸ் தன் மேலிருக்கும் முள் போன்ற புரதத்தைச் சாவியாக வைத்து, நம் செல்களில் ஏசிஇ2 என்ற பூட்டைத் திறந்துகொண்டு நுழைகிறது. நுரையீரலில் இருக்கும் இந்தப் பூட்டு விதையின் லேடிக், செர்டோலி செல்களிலும் மூல செல்களிலும் இருக்கிறது. 2020-இல் இது தெரிந்ததும்தான் உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் ஆண்களின் இனப்பெருக்க உறுப்பைக் கவனிக்கத் தொடங்கினார்கள். கொரோனாவில் இறந்தவர்களின் விதைகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது செர்டோலி செல்கள் உப்பி, லேடிக் செல்கள் குறைந்து, அழற்சி இருந்தது தெரிந்தது. இவர்கள் நோய் முற்றி இறந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. வீட்டில் ஒரு வாரம் படுத்து எழுந்தவருக்கும் அதே அளவு நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பூட்டு இருப்பதாலேயே திருடன் வந்துவிட்டான் என்று ஆகாது. வைரஸ் விந்தில் வருகிறதா என்று பல நாடுகளில் தேடினார்கள். 2020 மே மாதம் சீனாவிலிருந்து வந்த ஓர் ஆய்வில் 38 பேரில் 6 பேரின் விந்தில் வைரஸின் மரபணுத் துண்டு கிடைத்தது. அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அதற்குப் பின் வந்த பெரும்பாலான ஆய்வுகளில் விந்தில் வைரஸ் கிடைக்கவில்லை. விந்து வழியாகக் கொரோனா பரவுவதாக நிறுவப்படவும் இல்லை. நோய் இருக்கும் நாட்களில் தம்பதியர் தள்ளிப் படுக்கச் சொல்வது மூச்சுக்காற்று வழியாகத் தொற்றும் என்பதால்தான்.

பெரிய பாதிப்பு இன்னொரு வழியில் வருகிறது. வைரஸை எதிர்க்க உடம்பு கிளப்பும் அழற்சி விதையையும் தொடுகிறது. விந்தணு உருவாகும் குழலைச் சுற்றி, ரத்தத்துக்கும் அணுவுக்கும் நடுவே ஒரு வேலி இருக்கிறது. விந்தணு பருவ வயதில்தான் உருவாகத் தொடங்குகிறது, அதனால் நம் எதிர்ப்புச் சக்திக்கு அது அன்னியமாகத் தெரியும். வேலி இல்லாவிட்டால் சொந்த அணுவையே உடம்பு தாக்கும். கடும் அழற்சியில் இந்த வேலி தளர்கிறது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பெல்ஜியத்தில் நோயிலிருந்து மீண்ட 120 ஆண்களைப் பரிசோதித்தார்கள். தொற்று வந்து ஒரு மாதத்துக்குள் வந்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு ஓட்டம் குறைவு, 37 சதவீதம் பேருக்கு எண்ணிக்கை குறைவு. இரண்டு மாதம் தாண்டி வந்தவர்களில் ஓட்டக் குறைவு 28 சதவீதமாகவும் எண்ணிக்கைக் குறைவு 6 சதவீதமாகவும் இறங்கியிருந்தது. காய்ச்சல் இருந்ததா இல்லையா என்பது அங்கே பெரிய வித்தியாசம் காட்டவில்லை. ரத்தத்தில் எதிர்ப்பொருள் அதிகம் இருந்தவர்களுக்குத்தான் அணுக்கள் அதிகம் கெட்டிருந்தன. அதனால் ‘எனக்குக் காய்ச்சலே இல்லை, சும்மா தொண்டை கரகரப்புதான்’ என்பவரும் மூன்று மாதக் கணக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நம் நாட்டில் பாட்னா எய்ம்ஸ் மருத்துவமனையில் 30 ஆண்களை நோயின்போது ஒரு முறையும் இரண்டரை மாதம் கழித்து ஒரு முறையும் பரிசோதித்தார்கள். யாருடைய விந்திலும் வைரஸ் இல்லை. முதல் முறை குறைந்திருந்த அளவுகள் இரண்டாம் முறை ஏறியிருந்தன, ஆனால் முழுவதுமாக மீளவில்லை. இவ்வகை ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஒரு குறை உண்டு. நோய் வருவதற்கு முன் அந்த ஆண்களின் கணக்கு என்ன என்று யாருக்கும் தெரியாது. சிலருக்கு முன்பே குறைவாக இருந்திருக்கலாம்.

தம்பதியருக்குக் கடைசியில் வேண்டியது எண்ணிக்கையா, குழந்தையா? குழந்தைதான் என்றால் அமெரிக்கா, கனடாவில் 2,126 தம்பதியரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுதான் அதிகம் உதவும். கணவனுக்குத் தொற்று வந்த 60 நாளுக்குள் கரு தங்கும் வாய்ப்பு ஒவ்வொரு மாதவிடாய்ச் சுழற்சியிலும் 18 சதவீதம் குறைந்தது. 60 நாள் தாண்டியதும் அந்தக் குறைவு காணாமல் போனது.

ஹார்மோனும் விறைப்பும்

நோய் உச்சத்தில் இருக்கும்போது டெஸ்டோஸ்டிரோன் குறைவது சகஜம். எந்தக் கடும் நோயிலும் உடம்பு இப்படிச் செய்யும். அசதி, ஆசைக் குறைவு, காலை விறைப்பு வராமை எல்லாம் சில வாரம் இருக்கலாம். அந்த நாட்களில் இந்த ஹார்மோனைச் சோதிப்பதில் பயனில்லை. குணமாகி இரண்டு மூன்று மாதம் கழித்தும் அசதி போகவில்லை என்றால் காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். மாலையில் கொடுத்தால் அளவு இயல்பாகவே குறைவாகக் காட்டும். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தால், இன்னொரு நாள் காலையில் மறுபடியும் பார்த்த பிறகுதான் முடிவுக்கு வர வேண்டும்.

விறைப்புக் குறைவுக்குக் காரணம் பெரும்பாலும் ரத்தக்குழாய். ஆண்குறிக்குப் போகும் தமனிகள் மிகச் சிறியவை. குழாயின் உள்பூச்சை இந்த வைரஸ் கெடுப்பதால் குழாய் விரிய வேண்டிய நேரத்தில் சரியாக விரிவதில்லை. நோயிலிருந்து எழுந்தவரின் மூச்சு வாங்கல், தூக்கக் கேடு, வேலை போன கவலை, நெருங்கியவரை இழந்த துக்கம் எல்லாம் இதோடு சேரும். பலருக்குச் சில மாதங்களில் தானாகச் சரியாகிவிடுகிறது. மூன்று மாதம் தாண்டியும் நீடித்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்வார்கள். கொரோனா சிகிச்சையில் ஸ்டீராய்டு எடுத்தபோது முதல் முறையாகச் சர்க்கரை ஏறிப்போனவர்கள் நிறைய. அந்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காமல் விறைப்புக்கு மட்டும் மாத்திரை தேடுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கிற கதைதான்.

விறைப்புக்கான சில்டெனாஃபில், டடாலாஃபில் மாத்திரைகளை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துகிறவர் இதையும் சேர்த்துப் போட்டால், ரத்த அழுத்தம் விறுவிறுவென இறங்கி உயிருக்கே ஆபத்து.

விந்துப் பரிசோதனைக்குப் போகும்போது

தவறு அதிகம் நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கொரோனா குணமாகி 90 நாள் கழித்துத் தேதி குறியுங்கள். அதற்கு முன் குறைந்தது 2 நாள், அதிகம் போனால் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். 2 நாளுக்குக் குறைந்தால் அளவும் எண்ணிக்கையும் குறையும். ‘நிறையச் சேரட்டும்’ என்று 15 நாள் காத்திருந்தால் எண்ணிக்கை ஏறும், ஆனால் கிழடான, செத்த அணுக்கள் கூடி ஓட்டம் குறைவாகக் காட்டும். மூன்று நாள் என்று வைத்துக்கொண்டு, அடுத்த முறையும் அதே மூன்று நாள் இடைவெளியில் கொடுத்தால் இரண்டு ரிப்போர்ட்டையும் ஒப்பிட முடியும்.

ஆய்வகம் தரும் அகலவாய் டப்பாவில்தான் எடுக்க வேண்டும். வீட்டில் இருக்கும் மருந்துப் பாட்டிலைக் கழுவிக் கொண்டுபோகக் கூடாது, ஒட்டியிருக்கும் சோப்பே அணுவைக் கொன்றுவிடும். தேங்காய் எண்ணெய், எச்சில், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. முதலில் வரும் சில துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அது கீழே சிந்திவிட்டால் மறைக்காமல் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு மறைத்தால் எண்ணிக்கை பாதியாகக் காட்டும், வேண்டாத சிகிச்சை தொடங்கிவிடும்.

அரை மணி நேரத்தில், மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் மாதிரி ஆய்வகத்தில் இருக்க வேண்டும். உசிலம்பட்டியிலோ பேரையூரிலோ வீட்டில் எடுத்து மதுரைக்குக் கொண்டுவருவது சரிப்படாது. ஆய்வகத்திலேயே இதற்கென்று தனி அறை இருக்கும். உள்ளூர்க்காரர் வீட்டில் எடுத்துக் கொண்டுபோவதானால் டப்பாவைச் சட்டைக்குள், உடம்போடு ஒட்டினாற்போல் வைத்துக்கொள்ளுங்கள். பைக்கின் பெட்ரோல் டாங்க் மேல் இருக்கும் பையிலோ சீட்டுக்கு அடியிலோ வைத்தால் சித்திரை வெயிலில் பத்து நிமிடம் போதும், அணு வெந்துவிடும். ஐஸ் பெட்டியும் வேண்டாம்.

மாதிரி கைக்கு வந்ததும் ஆய்வக உதவியாளர் அதை உடனே பார்ப்பதில்லை. விந்து முதலில் கஞ்சி உறைந்தது மாதிரி இருக்கும். 15 முதல் 30 நிமிடத்தில் இளகி நீர்மமாகும் வரை, உடல் வெப்பத்தில் வைத்திருக்கும் பெட்டியில் அது இருக்கும். பிறகு நன்றாகக் கலக்கி, அளவு பார்த்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து 400 மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார். உயிருள்ள அணுக்கள் குளத்துத் தலைப்பிரட்டை மாதிரி வாலை ஆட்டிப் போகும். நேராக வேகமாக முன்னேறுபவை, மெதுவாக முன்னேறுபவை, இருந்த இடத்திலேயே துடிப்பவை, அசையாதவை என்று நான்காகப் பிரித்து எண்ண வேண்டும். இதற்குப் பொறுமையும் பழக்கமும் வேண்டும். விந்துப் பரிசோதனையை அன்றாடம் செய்யும் ஆய்வகத்துக்கே போகச் சொல்வது இதனால்தான்.

ரிப்போர்ட்டைப் படிக்கும் விதம்

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அளவுகள்தான் இப்போது வழக்கத்தில் இருக்கின்றன. விந்தின் அளவு 1.4 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டரில் 16 மில்லியன் அணுக்கள். மொத்தமாக 39 மில்லியன். மொத்த அணுக்களில் அசைபவை 42 சதவீதம், முன்னேறிப் போகிறவை 30 சதவீதம். சரியான உருவம் உள்ளவை 4 சதவீதம். கடைசி எண்ணைப் பார்த்து ‘96 சதவீதம் கெட்டுப்போச்சா’ என்று பதறுகிறவர்கள் உண்டு. பதற வேண்டாம். மனித விந்தணுவில் பெரும்பாலானவை கோணல் மாணலாகத்தான் இருக்கும், நூற்றுக்கு நான்கு ஒழுங்காக இருந்தாலே போதும்.

இந்த எண்கள் பரீட்சையில் பாஸ் மார்க் மாதிரி இல்லை. ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களைப் பரிசோதித்து, அவர்களில் நூற்றுக்கு 95 பேர் எந்த அளவுக்கு மேல் இருந்தார்கள் என்று பார்த்துக் கோடு போட்டிருக்கிறார்கள். மீதி 5 பேர் கோட்டுக்குக் கீழே இருந்துகொண்டே அப்பா ஆனவர்கள்.

தனித்தனி எண்ணைவிட ஒரு சின்னப் பெருக்கல் நல்ல படம் தரும். அளவு, எண்ணிக்கை, முன்னேறும் சதவீதம் மூன்றையும் பெருக்குங்கள். முதலில் சொன்னவருக்கு 2 மில்லிலிட்டர், 9 மில்லியன், 20 சதவீதம் என்றால் 3.6 மில்லியன், அதாவது 36 லட்சம் அணுக்கள் முன்னேறும். மூன்று மாதம் கழித்து அதே ஆளுக்கு 2.5 மில்லிலிட்டர், 28 மில்லியன், 40 சதவீதம் என்று வந்தால் 28 மில்லியன், ஏறக்குறைய எட்டு மடங்கு. எந்த மருந்தும் இல்லாமல், நாட்கள் கடந்ததால் மட்டுமே இந்த அளவு மாற்றம் வர முடியும்.

இரண்டாவது ரிப்போர்ட்டும் குறைவாகவே இருந்தால் கொரோனா மேல் பழி போட்டுவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. விதைப்பைச் சிரைப் புடைப்பு நூற்றுக்குப் பதினைந்து ஆண்களுக்கு இருக்கிறது. பெரும்பாலும் இடப்பக்கம் வரும், தொட்டால் புழு நெளிவது போல் இருக்கும். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து விதை வீங்கியதா, குடலிறக்க ஆபரேஷன் நடந்ததா என்பதெல்லாம் கேட்டறிய வேண்டியவை. புரோட்டா கல் முன்னால், பேக்கரி அடுப்பில், செங்கல் சூளையில் நாள் முழுக்க நிற்கிறவருக்கும், லாரி என்ஜின் சூட்டில் பத்து மணி நேரம் உட்காருகிறவருக்கும் கொரோனா இல்லாமலேயே எண்ணிக்கை குறையலாம். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில், நம் வாய்வழக்கில் பெரியாஸ்பத்திரியில், யூராலஜி பிரிவு இருக்கிறது. அங்கே காட்டலாம்.

செய்யக் கூடாதவை

டெஸ்டோஸ்டிரோன் ஊசி. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அசதி போக, தசை ஏற, ‘ஆண்மை கூட’ என்று சில ஜிம்களிலும் சில கிளினிக்குகளிலும் போடுகிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், உள்ளே போதுமான அளவு இருக்கிறது என்று மூளை நினைத்து, விதைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். உற்பத்தி நின்று விந்தணு பூஜ்யத்துக்கே போகலாம். ஊசியை நிறுத்தினாலும் திரும்பி வர ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். கொரோனா மூன்று மாதத்தில் விட்டுப்போகும் பாதிப்பை, இந்த ஊசி ஒரு வருடப் பாதிப்பாக ஆக்கிவிடும். குழந்தை வேண்டுமென்கிற ஆணுக்கு இந்த ஊசி ஆகவே ஆகாது.

பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ‘மாதம் இன்ன தேதி இந்த லாட்ஜில்’ என்று ஒட்டியிருக்கும் வைத்தியர்களிடம் போக வேண்டாம். பரிசோதனையே செய்யாமல் நரம்புத் தளர்ச்சி என்று பயமுறுத்தி, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பொடியைக் கட்டுக்கட்டாகக் கொடுப்பார்கள். சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால் பட்டம் பெற்ற மருத்துவர் இருக்கும் அரசு சித்தா பிரிவுக்கே போகலாம். என்ன சாப்பிட்டாலும் அதன் பெயரை இரு தரப்பு மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

கொரோனா காலத்தில் எல்லோரும் விழுங்கிய துத்தநாக மாத்திரையை, விந்தணு கூடும் என்று இன்னும் தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2,370 தம்பதியரை வைத்து நடந்த ஆய்வில், ஆண்களில் பாதிப் பேருக்குத் தினமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். விந்தின் தரமும் கூடவில்லை, குழந்தை பிறப்பும் கூடவில்லை. அந்தக் காசுக்கு முட்டையும் கீரையும் நிலக்கடலையும் வாங்கலாம். பீடி, சிகரெட், புகையிலையை விடுவது எந்த மாத்திரையையும் விடப் பலன் தரும். மடியில் லேப்டாப், வெந்நீர்த் தொட்டியில் நெடுநேரம், இறுக்கமான உள்ளாடை, மூன்றையும் தவிர்க்கலாம். மறுபடி காய்ச்சல் வந்தால் நீளவிடாதீர்கள். பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். கல்லீரல் கோளாறு உள்ளவர், தினமும் குடிப்பவர் மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

தடுப்பூசி பற்றி

2021-இல் ‘ஊசி போட்டால் ஆண்மை போய்விடும்’ என்று ஊர் ஊராகப் பேச்சு ஓடியது. அதைக் கேட்டு ஊசியைத் தள்ளிப்போட்டவர்கள் நம் பக்கத்துக் கிராமங்களிலும் உண்டு. இங்கே பெரும்பாலோர் போட்டது கோவிஷீல்டும் கோவாக்சினும். முதலாவது, உடம்புக்குள் பெருக முடியாதபடி மாற்றிய வேறொரு வைரஸைச் சுமையாளாக வைத்துச் செய்தது. இரண்டாவது கொன்ற வைரஸால் ஆனது. இரண்டாலுமே கொரோனா நோயை உண்டாக்க முடியாது. தடுப்பூசியால் ஆணுக்கோ பெண்ணுக்கோ மலட்டுத்தன்மை வருவதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 ஜூனில் அறிவித்தது. அமெரிக்காவில் மயாமி பல்கலைக்கழகத்தில் 45 ஆண்களுக்கு எம்ஆர்என்ஏ என்ற வேறு வகைத் தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் விந்தைப் பரிசோதித்தபோது எந்த அளவும் குறையவில்லை. மேலே சொன்ன 2,126 தம்பதியர் ஆய்விலும் ஊசி போட்டவர்களுக்குக் கரு தங்குவது குறையவில்லை, தொற்று வந்த ஆண்களுக்குத்தான் குறைந்தது. ஊசிக்குப் பின் ஒரு நாள் இரண்டு நாள் காய்ச்சல் வரலாம். நோய் தரும் காய்ச்சலோடு பார்த்தால் அது மிகச் சிறியது.

மூன்று மாதம் காத்திருக்கக் கூடாத நேரங்கள்

ஒரு பக்க விதையில் திடீரென்று பிடுங்குகிற வலி, வாந்தியோடு, விதை மேலேறி நிற்பது போல் இருந்தால் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் விதை பிழைக்கும். பொழுது விடியட்டும் என்று இருக்காமல் ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ஆசை இல்லாமல் விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் வலித்தாலும் அப்படித்தான். ரத்தம் உறையும் தன்மையைக் கொரோனா கூட்டுவதால் அரிதாகச் சிலருக்கு இது வந்திருக்கிறது. விதை வீங்கி, சிவந்து, காய்ச்சலோடு வலித்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். விதையில் வலியில்லாத கட்டி தென்பட்டால் அந்த வாரத்துக்குள் ஸ்கேன் எடுக்க வேண்டும், அதற்கும் கொரோனாவுக்கும் சம்பந்தம் இருக்காது.

குழந்தைக்கு முயன்று ஒரு வருடம் ஆகிவிட்டால், மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து பரிசோதனைக்குப் போக வேண்டும். மனைவியை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவிட்டுக் கணவன் வெளியே நிற்பது நம் ஊரில் இன்னும் நடக்கிறது. ஆணுக்கான இந்தப் பரிசோதனையில் ஊசி இல்லை, வலி இல்லை, ஒரு காலைப்பொழுது போதும். மனைவிக்குக் கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நியாயம்.

கொரோனாவோ வேறு காய்ச்சலோ வந்தால், தொடங்கிய தேதி, எத்தனை நாள் அடித்தது, எவ்வளவு டிகிரி, ஸ்டீராய்டு கொடுத்தார்களா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி ஃபைலில் வையுங்கள். விந்துப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் அதன் தலைப்பில் ‘காய்ச்சலுக்குப் பின் இத்தனையாவது நாள்’ என்று பேனாவால் எழுதி, அந்தத் தாளோடு சேர்த்துப் பின் அடித்து மருத்துவரிடம் நீட்டுங்கள்.